ஆய்வுரையின் நடை விதிகளும் அவற்றின் காரணங்களும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் இளைஞர்களோடு சிறிது நேரம் உரையாடினால், அவர்களை மிகுதியாகத் துன்புறுத்துவன ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளி இடுவதா முற்றுப்புள்ளி இடுவதா, ஆண்டை அடைப்புக்குறிக்குள் வைப்பதா இறுதியில் வைப்பதா, நூற்பெயரைச் சாய்வெழுத்தில் அச்சிடுவதா மேற்கோட்குறிக்குள் அடக்குவதா என்னும் சின்னஞ்சிறு விதிகளே என்பது விளங்கும். நெறியாளர் ஒரு முறையைச் சொல்லுகிறார். பத்திரிகை ஆசிரியர் வேறொரு முறையைக் கேட்கிறார். பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை மூன்றாவதாக ஒன்றை விதிக்கிறது. இவற்றினிடையே அகப்பட்ட மாணவர், விதிகள் எல்லாம் காரணமற்ற சடங்குகள் என்ற முடிவுக்கு வந்து, அவற்றை மனப்பாடம் செய்தோ, கணிப்பொறியின் பொறுப்பில் விட்டோ, எப்படியேனும் கடந்து போனால் போதும் என்று எண்ணிவிடுகிறார். இவ்வெண்ணம் ஆராய்ச்சிக்கே கேடு விளைப்பது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒவ்வொரு விதியும் கவனமுள்ள வாசகர் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்விக்கு விடையாகப் பிறந்தது. அந்தக் கேள்வியைக் கண்டுகொண்டவர் விதியை எளிதில் மறக்கமாட்டார். விதி வகுத்தவர்கள் நினைத்தும் பாராத சந்தர்ப்பங்களில், சிறப்பாகத் தமிழ் ஏடும் சாசனமும் உரையும் விளைவிக்கும் சந்தர்ப்பங்களில், தகுந்த வழியைத் தாமே வகுத்துக்கொள்வார்.

மேல்நாட்டில் இவ்விதிகள் உருவான வரலாற்றைச் சிறிது நோக்கினால் நான் கூறுவது தெளிவாகும். பிரெஞ்சு நாட்டிலிருந்து சமயக் காரணத்தால் வெளியேறி ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் வாழ்ந்த பியேர் பெய்ல் என்னும் அறிஞர், 1697-ஆம் ஆண்டுக் குறிப்போடு தம் சரித்திர விமரிசன அகராதியை வெளியிட்டார். தமக்கு முன் மொரேரி என்பவர் தொகுத்த அகராதியில் மலிந்திருந்த பிழைகளைத் திருத்துவதே அவர் முதலிற் கொண்ட நோக்கம். பிழை திருத்த வந்தவர் தம் கூற்று எதனால் மெய் என்று காட்டக் கடமைப்பட்டவராதலின், அவருடைய பக்கங்களில் மூலக் கட்டுரை மேலே சில வரிகளாக மெலிந்து நிற்க, ஆதாரங்களும் அவற்றைப் பற்றிய வாதங்களும் கீழே பெருகிப் பக்கத்தையே நிரப்பின. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1776-இல் எட்வர்டு கிப்பன் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டபோது, குறிப்புகள் யாவும் நூலின் இறுதியில் அச்சிடப்பட்டிருந்தன. அதைப் படித்த தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம், தம் வாழ்நாளின் கடைசி மாதங்களில், பதிப்பாளர் வில்லியம் ஸ்ட்ரேஹனுக்கு எழுதிய கடிதமொன்றில், ஒவ்வொரு குறிப்புக்கும் நூலின் கடைசியைப் புரட்ட வேண்டியிருப்பதும், புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நூற்பெயரே அங்கே காணக் கிடைப்பதும் பெருந்தொல்லை என்று முறையிட்டு, அவற்றைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ அச்சிடும்படி வேண்டினார். பிந்திய பதிப்பில் அவ்வாறே குறிப்புகள் அடிக்கு வந்தன. அடிக்குறிப்பு அடியில் நிற்பதற்கு வாசகர் ஒருவரின் அலுப்பே காரணம் என்பதை அறிந்த மாணவர், குறிப்பைக் கட்டுரையின் இறுதிக்குத் தள்ளும்போது தாம் வாசகரிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்பதையும் உடன் அறிவார்.

அறிவியல் துறையில் தேவை வேறாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆசிரியர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தை ஒன்றின் கரு வளர்ச்சியைப் பற்றி 1881-இல் வெளியிட்ட ஆய்வுரையில், அடிக்குறிப்பை விடுத்து, வாக்கியத்தின் நடுவிலேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு, முழு விவரத்தை இறுதிப் பட்டியலில் தந்தார். இன்று ஹார்வர்டு முறை என்று வழங்கும் வழக்கத்தின் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். இங்கே ஆண்டுக்கு ஏன் இத்தனை முதன்மை என்று வினவ வேண்டும். ஒரு கரு எவ்வாறு பிளவுபடுகிறது என்பதை உருப்பெருக்கியின் வழியே முதலிற் கண்டவர் யார், அவருக்குப் பின் வந்தவர் அதை உறுதிப்படுத்தினாரா மறுத்தாரா என்பனவே அத்துறையின் கேள்விகள். எனவே பெயரை அடுத்து ஆண்டு நின்றால், வாக்கியத்தைப் படித்துச் செல்லும்போதே ஆராய்ச்சியின் கால வரிசை கண்முன் விரிகிறது. சரித்திரம், இலக்கியம் ஆகிய துறைகளிலோ கேள்வி வேறு: எந்தச் சாசனம், எந்தப் பிரதி, எந்தப் பக்கம்? இதற்கு விடை ஓர் ஆண்டுக்குள் அடங்காது. பிரதியின் தன்மையைப் பற்றி இரண்டொரு வாக்கியமும் சொல்ல இடம் வேண்டும். ஆகவே அத்துறையினர் அடிக்குறிப்பைக் கைவிடவில்லை. இரண்டு முறைகளுள் எது சிறந்தது என்ற வாதத்தில் மாணவர் காலத்தை வீணாக்குதல் வேண்டா. தம் துறையின் வாசகர் எதை முதலிற் கேட்பார் என்று எண்ணிப் பார்த்தால், தமக்குரிய முறை எது என்பது தானே புலப்படும்.

பிற முறைகளின் பிறப்பும் இத்தகையதே. சிகாகோ பல்கலைக்கழகத்து அச்சகம், பேராசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளை ஒரே சீராக அச்சுக்கோக்கும் பொருட்டுத் தன் ஊழியர்களுக்கென வைத்திருந்த குறிப்புத் தாள்களே வளர்ந்து, 1906-இல் முதற் கையேடாக வெளிவந்து, இன்று ஆயிரம் பக்கங்களைக் கடந்துவிட்டன. அதே பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1958 வரை ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளராகப் பணியாற்றிய கேட் டுராபியன் என்னும் அம்மையார், மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளைக் கண்டு 1937-இல் ஒரு சிறு கையேட்டைத் தொகுத்தார். எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அதைக் கொண்டே எழுதக் கற்றனர். அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதிகள் 1929-இல் ஏழே பக்கங்கள் கொண்ட கட்டுரையாகத் தொடங்கின. மருத்துவப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கானடாவின் வான்கூவர் நகரில் கூடி, ஒரு பத்திரிகை ஏற்காத கட்டுரையை மற்றொன்றுக்கு அனுப்பும்போது ஆதாரப் பட்டியல் முழுவதையும் மாற்றி எழுதும் வீண் உழைப்பைத் தவிர்க்க எண்ணி, வரிசை எண்ணிடும் முறையைப் பொதுவாக்கினர். அச்சுக்கோப்பவரும் செயலாளரும் பத்திராசிரியரும் தம் அன்றாட வேலையின் நெருக்கடியில் கண்ட தீர்வுகள் இவை. பண்டிதர்கள் கூடிப் பிரகடனம் செய்த சட்டங்கள் அல்ல.

நம் மரபில் இத்தகைய சிந்தனை இல்லை என்று கூறுவோர் பவணந்தியாரின் நன்னூற் பாயிரத்தை ஒருமுறை கருத்தூன்றிப் படித்தல் நலம். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, வேண்டிய அழகுகள் பத்து, பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் மதங்கள் ஏழு, உத்திகள் முப்பத்திரண்டு என அங்கே எழுத்தின் ஒழுங்கு விரிவாகப் பேசப்படுகிறது. உடன்படுதல், மறுத்தல், பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்டு நிற்குமிடத்து ஒன்றைத் துணிதல் ஆகியவை, முன்னோர் ஆராய்ச்சியை மதிப்பிடும் இக்கால அத்தியாயத்துக்கு அப்படியே பொருந்துவன. எனினும் ஒரு குறைபாட்டை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். பிறன் கோள் இது என்று கூறும் உத்தியை வகுத்த மரபு, அந்தப் பிறன் யார், அவர் கூற்று எங்கே உள்ளது என்று காட்டும் வழக்கத்தை வளர்க்கவில்லை. என்பாரும் உளர் என்ற தொடரோடு பரிமேலழகர் ஒரு கருத்தைத் தள்ளும்போது, தள்ளப்பட்டவர் யார் என்பதை நாமே ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. ஆசானிடம் நேரே பாடங்கேட்டு நூல்களை நெஞ்சில் நிறுத்திய மாணாக்கர்களுக்காக எழுதப்பட்ட உரைகள் அவை. குறிப்பாற் சொன்னாலே அவர்கள் அறிந்துகொள்வர். அந்த நினைவுச் சங்கிலி அறுந்தபோதுதான் விபரீதம் நேர்ந்தது.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற நாட்களை எண்ணிப் பார்க்கலாம். நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாக எடுத்துக்காட்டும் செய்யுட்பகுதிகள் பல, எந்நூலைச் சார்ந்தவை என்ற குறிப்பே இல்லாமல், பிறரும் இவ்வாறு கூறினார் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அவற்றின் இருப்பிடம் அறியாது ஐயரவர்கள் பட்ட வருத்தத்தையும், திருவாவடுதுறை மடத்து ஏடுகளுக்கிடையே தேடியபோது பத்துப்பாட்டும் தொகை நூல்களும் கிடைத்து, அம்மேற்கோள்கள் அவற்றிலே இருக்கக் கண்டு அடைந்த ஆனந்தத்தையும் தம் சரித்திரத்திலே அவரே எழுதியிருக்கிறார். நூற்பெயர் ஒன்று உரையில் இருந்திருந்தால், தேட வேண்டியது இன்னது என்றாவது முதலிலேயே தெரிந்திருக்கும். அந்தத் துன்பத்தை அனுபவித்தவர் பிறருக்கு அதை வைக்கவில்லை. 1887-இல் சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் தொடங்கி அவர் வெளியிட்ட பதிப்புகளில், ஏட்டுப் பிரதிகளை உதவியவர்களின் பெயரும் ஊரும், பிரதிகளுக்கிடையே கண்ட பாடபேதங்களும், உரையில் வரும் மேற்கோள்களைப் பற்றிய விவரங்களும் படிப்படியாக இடம்பெற்று வளர்ந்ததை இன்றும் காணலாம். தமிழில் ஆய்வு நடை கற்க விரும்புவோருக்கு அப்பதிப்புகளின் முகவுரைகளைக் காட்டிலும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

இடம் சுட்டும் இவ்வொழுங்கை அகராதியிலும் காணலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், வையாபுரிப்பிள்ளையவர்களின் பதிப்பாசிரியப் பொறுப்பில் நிறைவெய்தியது. அதில் சொல்லுக்குப் பொருள் கூறியவுடன், அப்பொருளில் அச்சொல் ஆளப்பட்ட இடம், நூற்பெயரின் சுருக்கமும் செய்யுள் எண்ணுமாக அடைப்புக்குறிக்குள் நிற்கும். பக்க எண் அங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய இலக்கியத்தைப் பக்க எண்ணால் சுட்டினால், அந்தப் பதிப்பு கையில் இல்லாதவருக்கு அது பயன்படாது. பாட்டெண்ணாலும் காதையின் வரியெண்ணாலும் சுட்டினால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தை அடைவர். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. திருக்குறளின் எண் மாறாதது என்று நாம் நம்புகிறோம். இன்று வழங்கும் எண், பரிமேலழகர் கொண்ட வைப்பு முறையை ஒட்டியது. அவருக்கு முற்பட்ட மணக்குடவரின் உரையில் அதிகாரங்களுக்குள் குறட்பாக்களின் வரிசை வேறுபட்டு நிற்கிறது. ஆகவே ஓர் அதிகாரத்தில் கருத்து எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்று வரிசையை ஆதாரமாகக் கொண்டு வாதிடும் கட்டுரையாசிரியர், வெறும் எண்ணைக் குறித்தால் போதாது. யாருடைய வைப்பு என்றும் குறிக்க வேண்டும். மேல்நாட்டுக் கையேடு எதுவும் இதை நமக்குச் சொல்லித் தரவில்லை. இவ்விடத்தை வாசகர் எங்ஙனம் சரிபார்ப்பார் என்ற கேள்வியைக் கேட்டவருக்கோ இது எளிதில் விளங்கும்.

சாசன ஆராய்ச்சியில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. கோயிற் சுவரிலுள்ள எழுத்தை மைப்படி எடுத்து வந்து, அந்த ஆண்டின் அறிக்கையில் ஓர் எண் கொடுத்துச் சுருக்கத்தை மட்டும் வெளியிடுவது சாசன இலாகாவின் வழக்கம். முழு வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பின்னரே, சிலவற்றுக்குப் பல்லாண்டுகள் கழித்தே, அச்சேறியது. இன்னும் அச்சேறாதவை ஏராளம். நீலகண்ட சாஸ்திரியார் 1935-இலும் 1937-இலும் வெளியிட்ட சோழர் சரித்திரத்திலும், சதாசிவ பண்டாரத்தார் 1949 முதல் தமிழில் வெளியிட்ட பிற்காலச் சோழர் சரித்திரத்திலும், அடிக்குறிப்புகளில் இன்ன ஆண்டின் இன்ன எண் என்று அறிக்கையையும், தொகுதியும் எண்ணுமாக முழு வாசகத்தையும் தனித்தனியே சுட்டியிருக்கக் காணலாம். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. அறிக்கை எண்ணை மட்டும் காட்டுபவர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில வரிச் சுருக்கத்தை மட்டுமே கண்டிருக்கக் கூடும். தொகுதியைக் காட்டுபவர் சாசனத்தின் சொற்களையே கண்டவர். நிலத்தின் அளவு, வரியின் பெயர், சபையின் முடிவு ஆகியவற்றைப் பற்றி வாதம் எழும்போது, சுருக்கம் எழுதியவர் விட்டுவிட்ட ஒரு சொல்லே வழக்கைத் தீர்க்கக் கூடும். தாம் காணாத வாசகத்தைக் கண்டது போலக் குறிப்பது, எந்தக் கையேட்டின் புள்ளி விதியை மீறுவதையும் விடப் பெரிய குற்றம். முன்னோர் ஒருவரின் அடிக்குறிப்பிலிருந்து எண்ணை எடுத்தாண்டால், அவர் காட்டியபடி என்ற ஒரு தொடரைச் சேர்ப்பதே நேர்மை.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மவர் மிகுதியாக இடர்ப்படுவது இங்கேதான். மேல்நாட்டு விதிகள் யாவும் ஒருவர் பெயரின் இறுதிப் பகுதி அவருடைய குடும்பப் பெயர் என்று கொண்டு, அதை முன்னே கொணர்ந்து, இயற்பெயரைச் சுருக்கி எழுதச் சொல்லுகின்றன. தமிழ்ப் பெயரிலோ முன்னெழுத்துக்கள் ஊரையும் தந்தையையும் குறிப்பன. அவற்றை அடுத்து நிற்பதே ஒருவரின் சொந்தப் பெயர். பழைய தலைமுறையினர் சிலருக்கு இறுதியில் சாதிப் பெயர் ஒட்டியிருந்தது. இந்த அமைப்பை அறியாத கணிப்பொறி, வையாபுரிப்பிள்ளையையும் சேதுப்பிள்ளையையும் சிவராஜ பிள்ளையையும் பிள்ளை என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கி, அவர்களுடைய இயற்பெயர்களை ஓரெழுத்தாகக் குறுக்கிவிடுகிறது. மூன்று பேரறிஞர்களின் உழைப்பு ஒரு குழப்பத்துள் மறைந்துபோகிறது. நூலக இயலுக்கே அடித்தளமிட்ட சீர்காழி இராமாமிருத ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் இருந்து 1934-இல் வெளியிட்ட பகுப்புமுறைப் பட்டியல் விதித்தொகுப்பிலும், 1955-இல் வெளியிட்ட ஒப்பாய்விலும், ஆசிரியர் பெயரை எவ்வாறு தலைப்பாக்குவது என்ற வினாவை ஆராய்ந்தார். அவருடைய சொந்தப் பெயரே தக்க உதாரணம்: முதலெழுத்து ஊர், இரண்டாவது தந்தை, இறுதியில் நிற்பது அவர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஐயரவர்களின் நூல்களைச் சாமிநாதையர் என்ற தலைப்பின் கீழே வைத்திருக்கிறது. சாதிப் பெயரைப் பிரித்தெடுத்துத் தலைப்பாக்கவில்லை. ஆசிரியர் தம் பெயரை எவ்வாறு எழுதினாரோ அதைப் போற்ற வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடும் கூறுகிறது. எனவே விதியை மீறுகிறோமோ என்ற அச்சம் மாணவருக்கு வேண்டா.

ஆண்டைக் குறிப்பதிலும் விழிப்பு வேண்டும். வையாபுரிப்பிள்ளையவர்கள் 1956-இல் காலமானார். அவருடைய நூலொன்றின் பிற்கால மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மறுபதிப்பின் ஆண்டை மட்டும் பெயருக்குப் பக்கத்தில் இட்டால், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் அக்கருத்தைக் கூறியதாகவும், இடையே பிறர் எழுதிய மறுப்புக்களைக் கண்டபின் எழுதியதாகவும் ஆகிவிடுகிறது. காலவரிசையைக் காட்டுவதற்கென்று மார்க் கையாண்ட முறையே காலத்தைப் புரட்டிக் காட்டும் கருவியாகிறது. முதற்பதிப்பின் ஆண்டையும் மறுபதிப்பின் ஆண்டையும் சேர்த்துக் குறிப்பது இதற்குப் பரிகாரம். பெரும்பாலான கையேடுகள் இதற்கு இடந்தருகின்றன.

பதிப்பித்த ஊரைக் குறிக்க வேண்டியதில்லை என்று 2019-இல் வெளிவந்த அமெரிக்க உளவியல் சங்கக் கையேட்டின் ஏழாம் பதிப்பு விதித்துவிட்டது. உலகெங்கும் கிளைகள் பரப்பிய பெரும் பதிப்பகங்களுக்கு அது பொருந்தலாம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் சென்னையிலும் அச்சுக்கூடங்கள் நடத்தியவர். அவர் பதிப்பு எவ்வூரில் அச்சானது என்பது நூல் வரலாற்றில் தனிப்பொருளுடையது. பழந்தமிழ்ப் பதிப்புக்களைக் கையாளுவோர் இந்த விதியை அப்படியே ஏற்பது தகாது என்றே நான் கருதுகிறேன். பத்திரிகை அனுமதிக்காவிடில், ஊரின் பெயரைக் கட்டுரையின் வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம்.

மேலது என்ற சுருக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது. முந்திய குறிப்பில் காட்டிய நூலே இதுவும் என்பதைச் சொல்ல நம் ஆய்வேடுகளில் அது தாராளமாக வழங்குகிறது. கையால் எழுதி, ஒருமுறை தட்டச்சு செய்து முடித்த காலத்தில் அது இடத்தை மிச்சப்படுத்தியது. பத்திகளை நொடியில் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டும் இக்காலத்தில், இடையே புதிய குறிப்பொன்று நுழைந்ததும், மேலது என்பது தான் முன்பு சுட்டிய நூலை விட்டு அயல்நூலைச் சுட்டத் தொடங்குகிறது. பண்டாரத்தாரின் கருத்து வேறொருவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. சிகாகோ கையேட்டின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதற்கு நிகரான இலத்தீன் சுருக்கத்தைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் சுருங்கிய நூற்பெயரும் எழுதும்படி பரிந்துரைத்தது. நம் பல்கலைக்கழகங்களும் இதை மேற்கொண்டால் எத்தனையோ தவறுகள் நீங்கும்.

இவ்வளவையும் கற்பதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது. கையேட்டை முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குதல் வேண்டா. பிற்காலச் சோழர் சரித்திரத்தில் அடிக்குறிப்புகள் நிறைந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குச் சென்று, ஒவ்வொரு குறிப்பையும் அதன் மூலத்தில் தேடிப் பார்க்க வேண்டும். சில விரைவில் கிடைக்கும். சில கிடைக்கத் தாமதமாகும். ஒன்றிரண்டு கிடைக்காமலே போகலாம். கிடைத்தவை எந்த விவரத்தால் கிடைத்தன, கிடைக்காதவற்றுக்கு எந்த விவரம் குறைந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் பின் கையேட்டைத் திறந்தால், அங்கேயுள்ள விதிகளுள் பல தாமே கண்டவையாக இருக்கும். அடுத்து, தாம் எழுதிய ஒரு பக்கத்தை, அந்தத் துறையை அறியாத தோழர் ஒருவரிடம் கொடுத்து, அதன் குறிப்புக்களைக் கொண்டு மூலங்களை எடுத்துவரச் சொல்ல வேண்டும். அவர் வெறுங்கையோடு திரும்பும் குறிப்புக்களைத் திருத்தி, மீண்டும் அவரையே அனுப்ப வேண்டும்.